மாமரத்தடியில் குட்டை மாண்டோ: செடிக்கு நல்ல மார்க், நட்டுக் கொடுத்த நர்சரிக்குப் பாதிதான்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அத்தோடு கிளம்பிவிடலாம். குட்டை மாண்டோ என்பது புல்லைப் போலவே தெரிகிற, தரையை மூடி வளரும் ஒரு குட்டைச் செடி. மரநிழலில் புல் பிடிக்காத வீட்டுக்கு அது நல்ல செடி, தாராளமாக வாங்கலாம். ஆனால் "சதுர அடிக்கு இவ்வளவு சார், நாங்களே வந்து நட்டுக் குடுத்துடுவோம்" என்று நர்சரிக்காரர் ஆரம்பித்தால் தலையாட்டிவிடாதீர்கள். பாக்கெட் கணக்கில் வாங்குங்கள். எண்ணி வாங்குங்கள். தூர் பிரித்து நீங்களே நடுங்கள். காரணம் வேண்டும் என்பவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கடலூர் புதுப்பாளையத்தில் வீடு, பின்பக்கம் ஒரு பெரிய மாமரம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் நின்ற மரங்களில் பாதி சாய்ந்துவிட்டது. இது ஒரு கிளையைக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த மரத்தில் அரிவாள் பட என் மனைவி விடுவதில்லை. "கொஞ்சம் கழிச்சு விட்டா வெயில் விழும், கொரியன் புல் போட்டுடலாம்" என்று யார் வந்து சொன்னாலும் எங்கள் வீட்டில் எடுபடாது. ஆகவே மரத்தடி பூராவும் வெறும் மண்ணாகவே கிடந்தது. கோடையில் புழுதி, ஐப்பசியில் சேறு. அந்தச் சேறு யார் காலிலாவது ஏறி அடுப்பங்கரை வரைக்கும் வரும்.

நிழல் என்றால் எந்த அளவு நிழல் என்று சொல்லாமல் செடியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. காலையில் கிழக்குச் சுவர் மேலாகச் சாய்வெயில் ஒரு பட்டை விழும், ஒன்பது மணிக்குள் அதுவும் போய்விடும். அப்புறம் சாயங்காலம் வரை இலைகளுக்கு நடுவே பொட்டுப் பொட்டாக வெளிச்சம், அவ்வளவுதான். கொரியன் புல்லுக்கு இது பத்தவே பத்தாது, அதற்குப் பாதி நாளாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் போட்டால் கொஞ்ச காலம் பச்சையாக நின்று ஆசை காட்டும், பிறகு திட்டுத் திட்டாகக் கரைந்து மண் தெரியும். பஃபலோ புல் இதைவிட நிழல் தாங்கும் என்கிறார்கள், தாங்கும்தான். ஆனால் மாமரத்து அடர் நிழல் அதற்கும் அதிகம், மெஷின் வைத்து வெட்டுகிற வேலையும் தீராது.

நிழலுக்கு என்று கேட்டால் நர்சரிகளில் இன்னும் சில செடிகளைக் காட்டுவார்கள். மஞ்சள் பூப் பூத்துத் தரையில் படரும் வெடேலியா சும்மாவே கிடைக்கும், ஒரு கணு போதும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஐ.யூ.சி.என். என்கிற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் நிபுணர்கள் போட்ட பட்டியலில் அதற்கும் ஓர் இடம் உண்டு. வாய்க்கால் ஓரங்களில் அது படுத்திருக்கும் அழகைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு நிழலில் அந்த மஞ்சள் பூவும் சரியாகப் பூக்காது. ரியோ அழகுதான், இலையின் அடிப்பக்கம் ஊதா. அதன் சாறு பட்டால் சிலருக்கு அரிப்பு வரும், நாய் படுத்தால் நாய்க்கும் வரும். எங்களிடம் நாய் உண்டு, மரத்தடிதான் அதன் சொந்த இடம். சிங்கோனியம் தரையில் இருக்கச் சொன்னால் இருக்காது, மரத்தைக் கண்டதும் ஏறிவிடும். வல்லாரை என் மனைவி சொன்னது. அடர்ந்து படரும், துவையலும் ஆகும். ஆனால் ஈரம் ஒரு வாரம் தவறினால் சித்திரையில் காணாமல் போய்விடும், மிதியும் தாங்காது. அதைக் குழாயடிக்கு ஒதுக்கிவிட்டோம், அங்கே இன்றைக்கும் செழிப்பாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், இதை எந்த நர்சரிக்காரரும் தானாகச் சொல்லமாட்டார். மரத்தடியில் பச்சை அடர்ந்தால் நம் வீடுகளில் முதலில் வருகிற கேள்வி பாம்புதான். முழங்கால் உயரச் செடி எதுவும் என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாது. குட்டை மாண்டோ மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் எழும்பாது, ஒரு தேரை ஓடினால்கூட மேலாகத் தெரிகிறது. "இது பரவாயில்ல" என்று அவள் ஒப்புக்கொண்டது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

செடியைப் பற்றி இரண்டு வார்த்தை. மாண்டோ கிராஸ் என்று விற்றாலும் அது புல் இல்லை. நம் தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கிறதே, அந்தக் குடும்பம். மருளும் அதே குடும்பம்தான். பூர்வீகம் சீனா, ஜப்பான், கொரியா பக்கம். சீன வைத்தியத்தில் இதன் வேர்முடிச்சைக் காலங்காலமாக மருந்துக்கு எடுக்கிறார்கள். தோட்டத்துக்கு வேண்டிய சங்கதி என்னவென்றால், புல் இல்லாததால் வெட்ட வேண்டாம். வருடம் முழுக்கப் பச்சை, இலை உதிர்காலம் என்று ஒன்று கிடையாது. தரைக்கு அடியில் மெல்லிய தண்டு ஓட்டிப் பக்கத்தில் புதுத் தூர் கட்டும். ஆனால் ரொம்ப, ரொம்ப மெதுவாக. இந்த மெதுவில்தான் வியாபாரத்தின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது, வருகிறேன்.

கடலூரில் நான் போன நர்சரியின் பெயரைப் போடவில்லை. ஊரில் எல்லோரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், எதற்கு வம்பு. பெரிய இடம்தான், பச்சை வலைப் பந்தல், உள்ளே போனால் குளுகுளுவென்று இருக்கும். முதலாளி சின்ன வயசு, பேச்சு இனிப்பு. என் வீட்டுக்கே வந்து மரத்தடியைப் பார்த்தார். இடுப்பில் கைவைத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு நடை நடந்தார்.

"250 சதுர அடி வரும் சார். அடிக்கு 90 ரூபா. ஒம்பது செடி ஒரு அடிக்கு. மண்ணு, உரம், ஆள் கூலி எல்லாம் சேத்து."

அவருக்கு என் உத்தியோகம் தெரியாது, பாவம். உள்ளே போய் டேப்பை எடுத்து வந்து ஒரு முனையை அவர் கையிலேயே கொடுத்தேன். 18 அடி நீளம், 12 அடி அகலம். 216, கிட்டத்தட்ட அரை சென்ட். அதில் மரத்தைச் சுற்றி மூன்றடி ஆரத்துக்கு வேர் மேலெழும்பிக் கிடக்கிறது, அங்கே எதையும் நட முடியாது. அது ஒரு 28. போர்வெல் மூடி நாலுக்கு ரெண்டு, அது 8. மீதி 180. அவர் சொன்ன 250-க்கும் இதற்கும் வித்தியாசம் 6,300 ரூபாய். கண் அளவில் எழுபது அடி கூடிவிட்டது. குறைவாக மதிப்பிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்ட காண்டிராக்டர் ஒருவரையும் என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

16,200-க்குப் பேசி முடித்து, 10,000 அட்வான்ஸ் கொடுத்தேன்.

மண்ணைத் தயார் செய்ததில் பாதி நல்லது, பாதி கெட்டது. கொத்திக் கிளறி, மேலாக்க ஓடிய சல்லிவேரை அறுக்காமல் வேலை செய்தார்கள், அது நல்லது. ஆனால் எடுத்தவுடனே களைக்கொல்லி அடித்துவிடலாம் என்றார் முதலாளி. கிளைபோசேட். அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டும்தான் அடிக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு அறிவிக்கை போட்டிருப்பதைச் சொன்னேன். "அதெல்லாம் பேப்பர்ல சார்" என்றார். என் மரத்தடியில், என் போர்வெல் மூடிக்குப் பக்கத்தில் அடிக்கிறபோது அது பேப்பர் விஷயம் இல்லை என்று நிறுத்திவிட்டேன். அடுத்து ஒரு டிப்பர் செம்மண் வந்தது. கேப்பர் மலைப் பக்கத்து மண் என்றார், நிறம் நன்றாகத்தான் இருந்தது. அந்த மண்ணோடு கோரைக் கிழங்கும் இலவசமாக வந்தது பிறகுதான் தெரிந்தது.

நடுவதற்கு வந்த ஆட்களில் வயதான அம்மா ஒருவர். நாற்று நட்டுப் பழகிய கை, பார்த்தாலே தெரியும். குனிந்தால் நிமிர்வதில்லை, கட்டைவிரலால் ஒரு குழி, செடி, இரண்டு விரலால் ஓர் அழுத்து, அடுத்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன், இடைவெளி அதிகமாக இருக்கிறதே என்று கேட்டேன். நிமிராமலே சொன்னார்: "கிட்டக் கிட்ட நட்டாதான் சார் சீக்கிரம் மூடும். ஓனர் அரை அடி விட்டு நடச் சொல்லிட்டாரு."

அரை அடி இடைவெளி என்றால் சதுர அடிக்கு நாலு செடி. ஒன்பது வேண்டுமென்றால் நாலு அங்குலத்துக்கு ஒன்று நட வேண்டும். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

அவர்கள் போன பிறகு வீட்டில் கிடந்த பி.வி.சி. பைப்பை அறுத்து, நாலு எல்போ போட்டு, உள்பக்கம் அடிக்கு அடி இருக்கிற சட்டம் ஒன்று செய்தேன். அதைக் கண்ணை மூடிக்கொண்டு அங்கங்கே வீசினேன். விழுந்த இடத்தில் சட்டத்துக்குள் எத்தனை செடி என்று எண்ண வேண்டும். நாலு. நாலு. மூன்று. ஐந்து. நாலு. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்தச் சட்டத்தை மட்டும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது ரூபாய்க்கு மேல் ஆகாது. புல் போட்டாலும் சரி, தரைச்செடி போட்டாலும் சரி, சதுர அடிக் கணக்கில் காசு கேட்கிற யாரையும் சோதித்துவிடலாம்.

180 அடிக்கு 1,620 செடி வந்திருக்க வேண்டும். வந்தது சுமார் 720. முதலாளியைக் கூப்பிட்டுச் சட்டத்தை அவர் கையில் கொடுத்து, நீங்களே வீசுங்கள் என்றேன். வீசினார். எண்ணினார். பிறகு சிரித்தார்.

"பரவிடும் சார். செடிதானே, வளந்து மூடிக்கும்."

நான் முன்னே சொன்ன சூட்சுமம் இதுதான். வெடேலியாவுக்கு இந்தப் பதில் பொருந்தும், ஒரே மழையில் மூடிவிடும். மாண்டோவுக்குப் பொருந்தாது. அரை அடி இடைவெளியில் நட்ட குட்டை மாண்டோ தானாக மூட வருடக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் நடுவில் தெரிகிற மண்ணில் கோரையும் அருகும் குப்பைமேனியும் சும்மா இருக்குமா? களை பிடுங்குகிற கூலிக்கு இன்னொரு 900 செடியே வாங்கிவிடலாம். மெதுவாக வளர்கிற செடியை நெருக்கி நடாமல் விற்பது, காசை இன்று வாங்கிக்கொண்டு சரக்கைச் செடியே உற்பத்தி செய்து கொடுக்கட்டும் என்று விடுவது.

பாக்கி 6,200-ஐ நிறுத்தி வைத்தேன். அவரும் சண்டைக்கு நிற்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். 300 பாக்கெட் கொண்டுவந்து இறக்கினார், 3,000 கொடுத்தேன், கணக்கு முடிந்தது. மிச்ச வேலை என்னுடையது.

இந்த 300 பாக்கெட்டைப் பிரித்தபோதுதான் செடியின் அருமை தெரிந்தது. ஒரு கறுப்புக் கவரை அறுத்துச் செடியை வெளியே எடுத்தால் உள்ளே மண் களிமண் உருண்டையாக இறுகிக் கிடக்கிறது. ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற கடியம் வட்டாரத்திலிருந்து நம்மூர் நர்சரிகளுக்கு லாரி லாரியாகச் செடி வருகிறது. அங்கிருந்து வருகிற பாக்கெட்டுகளில் இந்தக் களி உருண்டையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதை அப்படியே மண்ணில் வைத்தால் உருண்டைக்குள் தண்ணீர் இறங்காது, இறங்கினால் வெளியேறாது. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கையால் அலசினால் களி கரைந்து போகும். வெள்ளையாக வேர் தெரியும், வேரின் நுனியில் பிஞ்சு வேர்க்கடலை அளவுக்குச் சின்னச் சின்ன முடிச்சுகள். அதில்தான் செடி தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறது, கிள்ளி எறிந்துவிடக் கூடாது. தூரின் அடியை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து மெல்ல விரித்தால் தானாகவே எங்கே பிரிய வேண்டுமோ அங்கே பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் நாலைந்து இலைக்கொத்தும் அதற்கென்று வேரும் இருக்க வேண்டும். கத்தி வேண்டாம். பெரும்பாலான பாக்கெட்டில் மூன்று செடி தாராளமாகக் கிடைத்தது. 300-ஐ மூன்றால் பெருக்கினால் 900. எனக்கு வர வேண்டிய பாக்கி அப்படியே நேர் ஆகிவிட்டது.

நடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இலையும் வேரும் சேருகிற கழுத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. மண் மட்டத்தில் நிற்க வேண்டும். புதைந்த செடி மழையில் அழுகுகிறது, இழுத்தால் இலை மட்டும் கையோடு வருகிறது.

எப்போது நடுவது என்று கேட்டால், எங்கள் பக்கத்துக்கு ஆவணி, இல்லாவிட்டால் புரட்டாசி முதல் வாரம். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும். ஐப்பசி அடைமழையில் நட்டால் புது மண் கரைந்து செடி மிதக்கும். 2023 ஆவணியில் நட்டது என்னுடையது.

நர்சரி மேல் இரண்டாவது புகார், கலப்படம். இது மழைக்காலம் முடிந்து தையில்தான் வெளுத்தது. எல்லாம் குட்டை என்று சொல்லிக் கொடுத்ததில் அங்கங்கே சில செடிகள் கணுக்கால் உயரம் எழும்பித் தலை சாய்த்து நின்றன. அது சாதா மாண்டோ, முக்கால் அடி, ஒரு அடி வரை போகும். கன்றாக இருக்கும்போது இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், வாங்கும்போதே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. குட்டையின் இலை தடித்து, கருநீலப் பச்சையாக, குறுகலாகச் சுருண்டு தரையைப் பார்க்கும். சாதாவின் இலை மெலிந்து, வெளிர்ந்து, நிமிர்ந்து பிறகு வளையும். பழைய பாக்கெட்டாகப் பார்த்து எடுங்கள், வேர் கவரின் ஓட்டை வழியாக வெளியே வந்திருக்க வேண்டும். அந்த வயதுக்குப் பிறகும் குட்டையாக இருந்தால் அது குட்டைதான். சில கடைகளில் லிரியோப்பி என்கிற, இதே சாயலில் இருக்கும் வேறு செடியையும் மாண்டோ என்றே கொடுக்கிறார்கள். அதன் இலை அகலம், பூ இலைக்கு மேலே எழுந்து நிற்கும், காய் கறுப்பு. மாண்டோவின் பூ இலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், விரலால் விலக்கினால்தான் தெரியும். காய் பளபளக்கிற நீலம். அந்த நீலத்தை முதல் தடவை பார்த்தபோது பேத்தியின் வளையல் மணி உதிர்ந்து கிடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கலந்து வந்த நெட்டைகளைப் பிடுங்கிச் சுவரோரமாக வரிசையில் வைத்துவிட்டேன். அங்கே அது அழகாகத்தான் இருக்கிறது.

இனிப் பராமரிப்பு. "மெயின்டனன்ஸே கிடையாது சார்" என்பார்கள். கிடையாது என்பது பொய், குறைவு என்பது உண்மை.

தண்ணீர் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் உப்பேறியிருக்கிற வீடுகளில் இலை நுனி பழுப்பாகக் கருகும். செத்துப்போகாது, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. மழைக்காலம் வந்து உப்பைக் கழுவியதும் புது இலை சுத்தமாக வரும். உரம் என்று பெரிதாக வேண்டாம். 19:19:19 என்கிற ரசாயன உரத்தை வாங்கச் சொல்லி நர்சரியில் வற்புறுத்தினார்கள். நான் மண்புழு உரத்தைச் சலித்து, வருடத்துக்கு இருமுறை மெல்லத் தூவித் தண்ணீர் அடித்துவிடுகிறேன். யூரியா கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.

உண்மையான வேலை மேலிருந்து வருகிறது. மாமரத்தடியில் எதை வளர்ப்பவரும் இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். மரம் பூக்கிற தை, மாசியில் பூங்கொத்தில் தத்துப்பூச்சி உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கிற தித்திப்பு நீர் கீழே சாரலாக விழுந்துகொண்டே இருக்கும். மாண்டோ இலை பூராவும் பிசுபிசுவென்று ஆகி, எறும்பு மொய்த்து, பத்துப் பதினைந்து நாளில் அதன் மேல் கரும்பூசணம் படரும். பச்சைத் தரை கரி பூசிக்கொண்டு நிற்கும். செடிக்கு நோய் வந்துவிட்டது என்று மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம், நோய் செடிக்கு இல்லை. பூக்காலத்தில் ஹோஸ் வைத்து இலை நனையத் தண்ணீர் பீய்ச்சிவிட்டால் பிசுபிசுப்பு தங்காது, பூசணமும் பிடிக்காது. காலையில் செய்யுங்கள், இரவுக்குள் இலை காய்ந்துவிட வேண்டும்.

அடுத்தது சருகு. மாவிலை பெரிசு, தோல் தடிப்பு, சீக்கிரம் மக்காது. மாண்டோ மேல் படிந்தால் அடியில் இருக்கிற செடி மூச்சு முட்டி மஞ்சளாகும். தென்னந்துடைப்பம் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் ஒரே திசையில் கூட்ட வேண்டும். குறுக்கே இழுத்தால் புதுத் தூர் பெயர்ந்து வரும். பக்கத்து வீட்டுத் தம்பி பேட்டரி புளோயர் வைத்திருக்கிறார், இரவல் வாங்கிப் பார்த்தேன். நொடியில் முடிகிறது, எனக்கும் ஒன்று வாங்க ஆசைதான். வீட்டில் இன்னும் அனுமதி வரவில்லை.

கோரை. செம்மண்ணோடு வந்த அந்தக் கிழங்கு மாண்டோவின் நெருக்கத்தையும் துளைத்துக்கொண்டு ஈட்டி நுனியாக மேலே வரும். இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும் வரும், கிழங்கு உள்ளே இருந்து அடுத்த வாரமே மறுபடி முளைக்கும். மழை பெய்து மண் ஊறிய மறுநாள், பழைய ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்தில் இறக்கி நெம்பிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய நூலொன்று அடுத்த கிழங்குக்குப் போகும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். முதல் வருடம் இது தினப்படி வேலையாக இருந்தது. மாண்டோ மூடிய பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது, ஒழியவில்லை.

மழைச் சோதனையும் நடந்துவிட்டது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்ததே, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. கடலூரும் கண்ணாலே பார்த்தது. எங்கள் தோட்டத்தில் தண்ணீர் தேங்கி, மாண்டோ இருக்கிற இடமே தெரியவில்லை. வடிந்த பிறகு பார்த்தால் மேலெல்லாம் மெல்லிய வண்டல் படிந்திருந்தது, ஹோஸ் தண்ணீரில் கழுவிவிட்டதும் அடியில் பச்சை அப்படியே இருந்தது. மேட்டுப் பக்கம் ஒரு செடிகூடப் போகவில்லை. போர்வெல் மூடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், அங்கே தண்ணீர் வடியவே பல நாள் ஆனது. அந்த இடத்துச் செடி மட்டும் கழுத்தில் அழுகிவிட்டது. தண்ணீர் வந்து போவதை மாண்டோ தாங்கும், நிற்பதைத் தாங்காது. பள்ளத்தை மணல் கலந்து மேடாக்கி மறுபடி நட்டேன்.

அந்த இரண்டாவது நடவுக்குச் செடி வாங்கியது புதுச்சேரியில். தாவரவியல் பூங்காவைப் பார்க்க உறவினர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தோட்டம், கிழட்டு மரங்களின் நிழலில் நடக்கவே சுகம். நிழலில் எது வளரும் என்று தெரிய வேண்டுமென்றால் எந்த நர்சரிப் பட்டியலையும்விட அங்கே ஒரு சுற்றுச் சுற்றுவது மேல். அங்கிருந்து திரும்பும் வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்ன நர்சரி. பந்தல்கூடக் கீற்றுதான். ஒரு அம்மா, அவர் மகன், அவ்வளவுதான் ஆட்கள். குட்டை மாண்டோ இருக்கிறதா என்றதும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "எங்கண்ணே வைக்கப் போறீங்க, வெயிலா நெழலா?" மரநிழல் என்றதும் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கவிழ்த்து வேரைக் காட்டினார். மண் தளர்வாக, மணலும் இலைமக்கும் கலந்தது. அவர்களே தூர் பிரித்து வளர்த்தது. விலை 7 ரூபாய். "சதுர அடிக்கு நட்டுத் தருவீங்களா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுண்ணே. எத்தன செடி வேணும்னு சொல்லுங்க, எண்ணித் தரோம்" என்றார். இந்தப் பதிலுக்காகவே ஒரு மார்க் கூடப் போட்டேன்.

இப்போது எப்படி இருக்கிறது? நாலு அங்குலத்தில் நெருக்கி நட்ட இடங்கள் இரண்டாவது மழைக்காலத்தோடு மூடிவிட்டன, மண் தெரியவில்லை. ஆள் வைத்து நட்ட அரை அடி வரிசையில், நடுவே நான் செருக முடியாமல் விட்ட ஒரு ஓரம் இருக்கிறது. அங்கே இன்னும் கோடு கோடாக மண் தெரிகிறது, வரச்சொல்லி வேண்டுமானால் அந்த முதலாளிக்குக் காட்டலாம். சேறு வீட்டுக்குள் வருவது நின்றுவிட்டது. நாய் அதன் மேல் ஒரு பள்ளம் பண்ணிக்கொண்டு தூங்குகிறது, எழுந்து போனதும் இலை மெல்ல நிமிர்ந்துவிடுகிறது. தினமும் ஒரே தடத்தில் நடந்தால் மட்டும் தேயும், துணி காயப்போடுகிற கொடிக்குப் போகும் வழியில் கடப்பைக்கல் பதித்துவிட்டேன்.

பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது. ஒரே மாதத்தில் பச்சைக் கம்பளம் வேண்டும் என்பவர்களுக்கும் சரிவராது. மொட்டை வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். மற்றபடி மரத்தடி, சந்து, மாடிப்படிக்குக் கீழே, வடக்குச் சுவரோரம், இங்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம்.

மார்க்: செடிக்கு ஐந்துக்கு நாலரை, வேகத்துக்காக அரை குறைத்தேன். கடலூர் நர்சரிக்கு ஐந்துக்கு இரண்டரை. வேரை அறுக்காமல் மண் கொத்தியதற்கும், கேட்டதும் சண்டையில்லாமல் 300 பாக்கெட் இறக்கியதற்கும் அது. நாற்று நட்ட அந்த அம்மாவுக்குத் தனியாக ஐந்துக்கு ஐந்து. புதுச்சேரி கீற்றுப் பந்தலுக்கு நாலரை, பில் தரவில்லை என்பதால் அரை குறைவு. அங்கே போகிறவர்கள் காலையில் போங்கள், மத்தியானம் பூட்டிவிடுகிறார்கள். ஜிபே உண்டு. பால் கிரேட் இரண்டு மூன்று கையோடு எடுத்துப் போனால் பாக்கெட்டை நிறுத்தி அடுக்கிக் கொண்டுவரலாம். சாக்கில் போட்டால் கடலூர் வருவதற்குள் பாதி மண் உதிர்ந்துவிடும்.